கலைச்செல்வி என்கிற கரோலின்

நான் ஒரு மாணவியின் மாற்றுச் சான்றிதழில் உண்மையை எழுதினேன். அவளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கக் கூடாது என்றே எழுதினேன்.

பொய் எழுதியிருந்தால் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன். பொய்க்கு வழி இருக்கிறது. சனிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய் முழங்காலிட்டு, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால், ஒரு செபமாலையோடு முடிந்துவிடும். ஆனால் உண்மைக்கு என்ன பரிகாரம்? எந்தச் சாமியாரிடம் போய், "சாமி, நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்று கேட்பது? பாவம், அவர் குழம்பிப்போவார்!

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை. மன்னிக்க உங்களுக்கு உரிமையும் இல்லை... கேளுங்கள், போதும்.

என் பெயர் பிலோமினா. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதற்கு அவமானமாகிவிடும் என்பதற்காக அல்ல. அவமானப்பட அதற்குத் தெரியாது.

பள்ளி முழுவதற்கும் கால அட்டவணை போடுவதும் நான்தான். வண்ணப் பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டு, அடிக்கோலால் கட்டம் கட்டி, எந்த ஆசிரியருக்கும் இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் மோதாமல் போடுவேன். தலைமை ஆசிரியையான சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்து, "பிலோமினா டீச்சர் போட்டா கோடு கூட நடுங்காது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வருடம் முழுவதும் நிமிர்ந்து நடந்தேன். எவ்வளவு சொற்பத்தில் வயிறு நிறைந்த பெண் பாருங்கள்!

எண்பதுகளின் பிற்பாதி அது. எங்கள் பாடத்திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லும்போது என் வாய் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளைக் குரூப் குரூப்பாகப் பிரிப்போம். கணக்கும் உயிரியலும் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். கடவுளுக்கு அடுத்த இடம் அதற்கு. பிறகு வெறும் அறிவியல். அதன் பிறகு வணிகவியல். எதற்கும் ஆகாதவர்கள் என்று நாங்கள் தீர்மானித்தவர்களுக்குத் தொழிற்கல்வி. அவர்கள் வகுப்பறை சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில். காலை அசெம்பிளியில் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று செபம் சொல்வோம். மணி அடித்ததும் அதே பிள்ளைகளை மார்க் வாரியாகப் பிரித்து உட்கார வைப்போம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பிரிவினை இருந்தது. அது புதன்கிழமை, மதிய உணவுக்கு முந்தின பீரியட்.

மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து, சாப்பலுக்குப் பக்கத்து ஹாலுக்கு மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே நீதிபோதனை. எங்கள் பிள்ளைகளுக்கு மோட்சம். மற்ற பிள்ளைகளுக்கு ஒழுக்கம். எவ்வளவு நியாயமான பங்கீடு!

நீதிபோதனைப் புத்தகத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் கொடுத்துவைத்தவர். 'நேர்மை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். நேர்மையால் விளையும் நன்மைகள் யாவை? ஐந்து மதிப்பெண்.' பொதுத்தேர்வில் இந்தப் பாடம் கிடையாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியிலேயே அதிகம் காப்பியடிக்கப்பட்ட தேர்வு அதுதான். நேர்மையைக் காப்பியடித்து எழுதினார்கள், நான் சிவப்பு மையால் டிக் போட்டேன்.

ஆம், அந்த வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு நீதிபோதனை எடுத்தது நான்தான்.

கலைச்செல்வி மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். பட்டாபிராமிலிருந்து வருகிறவள். அப்பா முனுசாமி, ரயில்வே சைடிங்கில் மூட்டை இறக்குகிறவர். அம்மா அஞ்சலை, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். பள்ளிப் பதிவேட்டில் அவள் இந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பு. ஆகவே புதன்கிழமைகளில் அவள் எழுந்து போக மாட்டாள். நீதிபோதனைக்கு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பங்குக் கோயிலில், பாடல் குழுவின் ஓரத்தில் நின்று பாடுவாள். அங்கே அவள் பெயர் கரோலின். பூசை முடிந்ததும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் என் முன்னால் உட்காருவாள். நான் கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்வாள். அங்கே அவளை நான் "கரோலின்" என்று கூப்பிடுவேன். புதன்கிழமை "கலைச்செல்வி" என்று கூப்பிடுவேன். இரண்டும் எனக்குத் தெரியும். கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்! அவள் தெருவில் எல்லாக் குடும்பங்களும் அப்படித்தான்.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் இந்து என்று இருக்கும்வரை தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம் அவர்களுக்கு உண்டு. கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் அது கிடையாது. சட்டம் அப்படி. ஆகவே தாலுகா அலுவலகத்துக்கு ஒரு பெயர், கோயிலுக்கு ஒரு பெயர்.

ஒரு புதன்கிழமை நான் 'வாய்மை' நடத்திக்கொண்டிருந்தேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. கத்தோலிக்கர் எவரும் அந்த மணிக்குச் சிலுவை போட்டுக்கொள்வார்கள்; கை தானாகப் போய்விடும். கலைச்செல்வியின் வலது கை எழுந்தது. நெற்றிவரை போயிற்று... பாதியில் நின்றது. பிறகு, எதுவும் நடக்காததுபோல, காதோரம் முடியை ஒதுக்கிவிட்டு இறங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததைப் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை? பல வருடம் எனக்கு நானே ஒரு பதில் சொல்லிவந்தேன்: ஒழுங்கு. ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று என்று இருப்பதை என் மனம் ஏற்கவில்லை, கட்டத்துக்குள் சரியாக உட்காராத எதையும் என்னால் பொறுக்க முடியாது... இப்படி. நன்றாக இருக்கிறதல்லவா? இதைக் கேட்டால் நீங்கள் கூடத் தலையாட்டுவீர்கள்.

அடுத்த புதன்கிழமை, மறைக்கல்விக்குப் போகிறவர்கள் எழுந்து கிளம்பும்போது நான் சொன்னேன்: "கலைச்செல்வி, நீயும் எழுந்து போ. உன் வகுப்பு இது இல்லை."

"இதான் மிஸ் என் கிளாஸ்."

"நீ கரோலின்தானே?"

வகுப்பு முழுவதும் திரும்பியது. "இல்ல மிஸ்."

"அப்ப ஞாயித்துக்கிழமை கோயில்ல பாடினது யாரு?"

"தெரியாது மிஸ்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அது அவளோட ட்வின் சிஸ்டர் மிஸ்! படத்துல வர்ற மாரி டபுள் ஆக்டு!" சிரிப்பு. நானும் புன்னகைத்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

"நீ கோயிலுக்கே வர்றதில்லையா?"

"வர்றதில்ல மிஸ்." அவள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை.

இயேசுவின் சீடர் இராயப்பர், ஆண்டவரை யாரென்றே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததை அதற்கு முந்தின ஞாயிறுதான் அவளுக்கு நடத்தியிருந்தேன். அவர் எவ்வளவு கோழை, பிறகு எப்படி அழுதார் என்றெல்லாம் உருக்கமாகச் சொன்னேன். அவரைப் பார்த்து, "நீயும் அவர்களில் ஒருவன்தானே?" என்று முற்றத்தில் நின்று கேட்டாளே ஒரு வேலைக்காரி... அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. மறுதலித்தவருக்குக் கோயில் கட்டினார்கள். கேள்வி கேட்டவள் என்ன ஆனாள்? வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பாள். நானும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். சிமென்ட் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"இன்னா மிஸ்ஸு, எம்பொண்ண நிக்க வெச்சு பேரு கேட்டீங்களாமே? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து இதே ஸ்கூலு. இன்னும் பேரு தெரியாதா?"

"எந்தப் பேரைச் சொல்றதுன்னுதான் கேட்டேன்."

"அதான் ரெண்டு கீதே, எத்தச் சொன்னாலும் திரும்பிப் பாப்பா. ஊட்ல நாங்க ரெண்டையும் கூப்புடறதில்ல, பாப்பான்னுதான் கூப்புடறோம்."

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான் இங்க பாடம் நடத்தறோம் அஞ்சலை."

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "கோயில்ல நாங்க எங்க குந்தறோம் மிஸ்ஸு?"

நான் மேசை மேலிருந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"பின்னாடி, வாசப்படியாண்ட. வெயிலடிக்குதேன்னு ரெண்டடி முன்னாடி வந்தா உங்காளுங்க பாக்கற பார்வை கீதே! கல்லறையில கூட எங்களுக்குத் தனி மூலை. குந்தறப்போ நாங்க யாருன்னு தெரியுது, பொதைக்கறப்போ தெரியுது. தாலுகா ஆபீசுல மட்டும், தலையில தண்ணி ஊத்திக்கினா எல்லாம் பூடுச்சாம். இன்னா கணக்கு மிஸ்ஸு இது?"

எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானம் வாங்கிப் பல தலைமுறை ஆகியும், கல்யாணம் என்றால் சாதிக்குள்ளேதான். நாங்கள் கோயிலில் முன் பெஞ்சு. எங்கள் இரண்டு கணக்கையும் யாரும் நிறுத்திவைத்துக் கேட்டதில்லை.

பிறகு அவள் குரல் இறங்கியது. "டீச்சர் ஆவணும்னு கீறா மிஸ்ஸு. உங்கள மாரி. நீங்க எப்புடி நிக்கறீங்கோ, எப்புடி சாக்பீஸ் புடிக்கறீங்கோன்னு ஊட்டு செவுத்தாண்ட நின்னு காட்டுவா. நாங்க சிரிப்போம். பேப்பர்ல கீற மாரியே உட்டுடுங்க. வேற ஒண்ணியும் வேணாம்."

"சரி" என்றேன்.

சொன்னேன்! கேட்டுக்கொள்ளுங்கள், நான் "சரி" என்று சொன்னேன்.

சிஸ்டரும் என்னைக் கூப்பிட்டு, "விட்டுடுங்க டீச்சர், ஊர்ல எல்லாம் அப்படித்தான்" என்றார். கலைச்செல்வி நீதிபோதனையிலேயே இருந்தாள். ஞாயிறு பாடல் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மறைக்கல்வி வகுப்புக்கும் வரவில்லை. நான் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. பொதுத்தேர்வு முடிவு வந்தது. கலைச்செல்வி நல்ல மதிப்பெண். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், அவர்களுக்கான ஒதுக்கீட்டில், நிச்சயம் இடம் உண்டு. பொதுவில் கிடைக்காது, ஒதுக்கீட்டில் உண்டு.

இப்போது அந்த 'ஒழுங்கு' என்ற போர்வையை எடுத்துவிடுகிறேன். அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அதே பயிற்சிப் பள்ளிக்கு என் தம்பி விண்ணப்பித்திருந்தான். இவளைவிடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். இடம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார்: "அவங்களுக்கு ஏசுவும் வேணும், சலுகையும் வேணும்." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டல்தான் என் பேனாவை நகர்த்தியது. வேறெதுவும் இல்லை. தம்பிக்குப் பாடம் நடத்துவதில் ஆசை கூடக் கிடையாது! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, மாலையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, தன்னைப்போல் நிம்மதியானவன் இல்லை என்று இருந்தான்.

மாற்றுச் சான்றிதழுக்கான விவரங்களை வகுப்பாசிரியை எழுதித் தர வேண்டும். அலுவலக எழுத்தர் சேவியர் தட்டச்சு செய்வார். சிஸ்டர் அடுக்கை முன்னால் வைத்துக்கொண்டு, படிக்காமல் கையெழுத்துப் போடுவார். கலைச்செல்வியின் தாளில் 'சமயம்' என்ற இடத்துக்கு வந்தபோது என் கை நிற்கவில்லை. 'கிறிஸ்தவம்' என்று எழுதினேன். அழகான எழுத்து. கோடு நடுங்கவில்லை.

அன்றைய டைரியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். 'டி.சி. வேலை முடிந்தது. பிழை எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

அவர்கள் வீட்டில் மதிப்பெண்ணைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தாளை ஊன்றிப் பார்க்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் சான்றிதழ் சரிபார்த்தவர் பார்த்தார். சாதிச் சான்றிதழில் இந்து, இதில் கிறிஸ்தவம். எது சரி என்று எழுதி வாங்கி வா என்று அனுப்பிவிட்டார். முனுசாமி அந்தத் தாளோடு ஓடி வந்தார். சிஸ்டர் சேவியரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். "கண்ணைத் திறந்துகினு டைப் அடிக்க மாட்டீங்களா?" சேவியர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

திருத்தித் தருகிறோம் என்று சிஸ்டர் சொன்னார். முனுசாமிதான் பயந்துவிட்டார். திருத்தினால் விசாரணைக்கு வருவார்கள், வந்தால் கோயிலிலும் விசாரிப்பார்கள், தெருவிலுள்ள மற்றப் பிள்ளைகளின் சான்றிதழும் போய்விடும். "வாணாம் சிஸ்டர்... கெளற வாணாம்" என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி ஆசிரியை ஆகவில்லை.

நான் ஆசிரியையாகவே இருந்தேன். சீனியர் ஆனேன். நீதிபோதனையை வேறொருவரிடம் தள்ளிவிட்டு மறைக்கல்விக்கு மாறினேன். உண்மை பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் என் குரல் தெளிவாகவே இருந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது அந்தத் தெளிவு.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சேர்க்கை நாளில், ஒன்றாம் வகுப்பு விண்ணப்பங்களை நிரப்பும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கலைச்செல்வி முன்னால் வந்து உட்கார்ந்தாள். திருநின்றவூரில் வாடகை வீடாம். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மெஷின்களின் ஒரு வரிசையை மேற்பார்வை பார்க்கிறாளாம். "சாயங்காலம் தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன் மிஸ்" என்றாள்.

அதைக் கேட்டதும் என் மனம் லேசாயிற்று. ஆக, டீச்சர் ஆகிவிட்டாள் அல்லவா, ஒருவிதத்தில்... பார்த்தீர்களா? எவ்வளவு மலிவாக விடுதலை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன்!

"குழந்தை பேர்?"

"அமலா. வீட்லயும் அதான், கோயில்லயும் அதான் மிஸ்."

அடுத்தது சமயம். நான் கேட்கவில்லை. கேட்காமலேயே 'இந்து' என்று எழுதினேன். இதோ, இந்தப் பொய்யால் அந்த உண்மையைக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன். அவள் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து பாடம் சொல்கிறவர்களுக்கு அது வந்துவிடும்.

"அத அடிச்சிடுங்க மிஸ்."

"ஏம்மா? உனக்கு நல்லதுக்குத்தான்..."

"அன்னிக்கு எழுதுனதையே எழுதுங்க."

என் பேனா நின்றது. "எப்படி... சேவியர்தானே..."

"சேவியர் சார் பெரம்பூர்லேர்ந்து வர்றவரு. நான் கோயிலுக்குப் போறது அவருக்கு எப்புடி மிஸ் தெரியும்?"

இவ்வளவுதான்! வருடக்கணக்காகப் பூட்டிவைத்த ரகசியம் இவ்வளவுதான்! எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. அவர்கள் வீட்டில் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் கோயிலில், பின்வாசலருகே உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் முன் பெஞ்சில் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"இன்னான்னு சொல்றது மிஸ்? நீங்க எழுதுனது பொய்யின்னு சொல்லணும். அது பொய் இல்லியே." குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "இவளுக்கு ஒரே பேரு போதும். எழுதுங்க மிஸ், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அடித்துவிட்டு எழுதினேன். அந்த விண்ணப்பத்தில், என் கையால், முதன்முறையாக ஓர் அடித்தல். கீழே 'கிறிஸ்தவம்'. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து, அடுத்தவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்திருந்தாள்.

இப்போது அமலா புதன்கிழமைகளில் என் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறாள். முன் வரிசை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கிறது. அவள் நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று முழுச் சிலுவையாகப் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், சரியாகப் போட்டேனா மிஸ் என்பதுபோல.

என் கை எழுகிறது. நெற்றிவரை போகிறது... பிறகு, காதோரம் நரைத்த முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிவிடுகிறது.